மெதுவாகக் கடந்தவர்கள்

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். சீடர் கேப்டன் மரியசிலுவை, பெரிய கடல்களில் கப்பல் ஓட்டித் தலை நரைத்தவர். குரு திலகேஸ்வரி, ஆற்றுமுகத் துறைமுகம் ஒன்றின் தலைமை பைலட்.

வெளியிலிருந்து வரும் கப்பலில் ஏறி, ஒடுக்கமான கால்வாய் வழியே அதைக் கரைசேர்ப்பது பைலட்டின் வேலை. கடலில் கெட்டிக்காரராக இருந்தவருக்கும் அது தனி வித்தை. திலகேஸ்வரி சரி என்று சொன்னால் மரியசிலுவைக்கு இங்கேயே வேலை. இல்லையென்றால் மறுபடியும் மாதக்கணக்கில் கடல். பாதி ஆயுளைத் தண்ணீரில் கழித்துவிட்டு வீட்டுச் சோற்றுக்கு ஏங்கி வந்த மனிதர் அவர். பாவம், அதற்காகவே பயிற்சிக்கு வந்திருந்தார்.

பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு நிலக்கரிக் கப்பலைக் கொஞ்சம் விரைவாகவே உள்ளே கொண்டுவந்தார். கரையோரம் கட்டியிருந்த கப்பல் ஒன்று இடம்விட்டு நகர்ந்தது. அதன் வடம் அறுந்தது. இறங்கும் ஏணி தண்ணீரில் விழுந்தது. நல்லவேளை, ஏணியில் ஆள் இல்லை.

"நான் அதைத் தொடவே இல்ல மேடம். நடுவுல எவ்வளவு தண்ணி கெடக்கு!"

"ரோட்டுல லாரி வேகமாத் தாண்டினா, பக்கத்துல போற ஸ்கூட்டர் இழுபடும்ல? லாரி தொட்டுச்சா? இங்க தண்ணிக்கு ஒதுங்க இடம் கிடையாது கேப்டன். நீங்க வேகமாப் போனா, பக்கத்துல நிக்கிறதையும் சேத்து இழுத்துக்கிட்டுதான் ஓடும்."

"அவங்க வடம் இத்துப்போயிருக்கும். இத்தனை வருஷத்துல, கட்டின எடத்துல என் கப்பல் வடம் ஒண்ணுகூட அறுந்ததில்ல. கட்டுற கை அப்படி!"

திலகேஸ்வரி வாதாடவில்லை.

"நாளைக்கு நீங்க ஓட்ட வேணாம். அந்தக் கட்டின கப்பல்ல போய் உக்காருங்க. நான் ஒரு கப்பலைக் கொண்டுவரேன்."

"அங்க என்ன பாக்கணும்?"

"என்ன ஆகுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை அந்தக் கப்பலின் மேல்தளத்தில் சமையல்காரர் செய்யது மாலுமிகளுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். அங்கே சமைக்கிற கைதான் முடியும் வெட்டும். சும்மா உட்கார்ந்திருந்த விருந்தாளியைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்தது.

"வாங்க சார், முகத்தைப் பளபளன்னு ஆக்கிடுறேன்."

நுரை பூசியாயிற்று. கத்தி தொண்டைக்கு வந்த நேரம் பார்த்து, கால்வாய்த் திருப்பத்தில் திலகேஸ்வரி ஓட்டிவந்த எண்ணெய்க் கப்பல் தலைகாட்டியது. நிலக்கரிக் கப்பலைவிடப் பெரியது.

மரியசிலுவை செய்யதின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், கத்தியை எடுங்க."

"ஏன் சார்?"

"பெரிய கப்பல் வருது."

"தெனமும்தான் வருது." செய்யது அவருடைய மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "நேத்து ஒருத்தன் கண்ணு மண்ணு தெரியாமப் போனான். மத்தவங்கல்லாம் அப்படி இல்ல சார். நீங்க ஆடாம இருங்க."

அந்த ஒருத்தன் யார் என்று சொல்ல மரியசிலுவைக்கு வாய் வரவில்லை. தொண்டையில் கத்தி இருந்தது. கண்ணை மூடி மாதாவை வேண்டிக்கொண்டார்.

கத்தி ஏறியது, இறங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்த பிறகே கண்ணைத் திறந்தார். எண்ணெய்க் கப்பல் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. கிண்ணத்துச் சோப்புத் தண்ணீர்கூட அலுங்கவில்லை.

அவர் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"எரியுதா சார்?" என்று செய்யது கேட்டார்.

"இல்ல பாய். நேத்துப் போனது நான்தான். மன்னிச்சிருங்க."

செய்யது கத்தியைத் துடைத்தபடி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "அடுத்த ஆள் வாங்கப்பா" என்றார்.

மதியம் மரியசிலுவை பைலட் அறைக்கு வந்தார்.

"என்ன ஆச்சு?" என்று குரு கேட்டார்.

"ஒண்ணும் ஆகல மேடம்." அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனையோ துறைமுகத்துல கப்பலைக் கட்டிப்போட்டுட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கேன். அங்கயும் ஒண்ணும் ஆகல. எல்லாம் என் கைராசின்னு இருந்துட்டேன். என் பக்கமாப் போனவங்க எத்தனை பேர் எனக்காக வேகத்தைக் கொறச்சிருக்காங்க! ஒருத்தர் பேரு தெரியாது, முகம் தெரியாது."

திலகேஸ்வரி தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க எதிர்ல இருக்கீங்க மேடம், உங்களுக்கு நன்றி சொல்லிடலாம். அவங்களுக்கெல்லாம் எப்படிச் சொல்லுவேன்?"

வெளியே அடுத்த கப்பல் பைலட்டுக்காகக் காத்திருந்தது. திலகேஸ்வரி கப்பல்களோடு பேசும் தன் ரேடியோவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"உள்ள மூணு கப்பல் கட்டியிருக்கு கேப்டன். அதுல இருக்கிற யாருக்கும் தெரியாமக் கடந்து போங்க."