இட்லிக்கடை நாய்க்கு லைசென்ஸ்

நகராட்சி ஆய்வாளர் கனகசபாபதி தினமும் சொர்ணத்தாயின் இட்லிக்கடையில்தான் சாப்பிடுவார். காசு கேட்டால் முறைப்பார். அன்றைக்கும் எட்டு இட்லியை முடித்து ஏப்பம் விட்டவர், வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, இந்த நாய்க்கு லைசென்ஸ் எங்கே? சங்கிலி எங்கே?”

“அது தெருநாய் சார். பாவம்னு ரெண்டு இட்லி போடுவேன், அவ்வளவுதான்.”

“சோறு போட்டா அது உன் நாய்தான்! இன்னைக்கே லைசென்ஸ் எடுத்து, சங்கிலி போட்டுக் கட்டு. இல்லேன்னா கடையைப் பூட்டிடுவேன்!” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

சொர்ணத்தாய் சட்டினி வாளியைக் கீழே வைத்தாள்.

“சரிங்க சார். காசு வாங்காம நான் சோறு போடுறது ரெண்டே பேருக்குத்தான். ரெண்டு சங்கிலியா வாங்கிடுறேன்.”

கடையே சிரித்தது.

மறுநாள் கனகசபாபதி காசை வைத்துவிட்டுத்தான் இட்லியைத் தொட்டார். நாய் மட்டும் வழக்கம்போல ஓசியில் சாப்பிட்டது.