கொத்தி எடுத்த சுவர்

ஆழிமுனை நாட்டில் அநியாயம் இழைக்கப்பட்டது, இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைகளுக்கு. இழைத்தவர்கள் இரண்டு தரப்பு. இரண்டு தரப்பிலும் ஒருவருக்கும் இன்சுலின் தேவைப்படவில்லை.

நடந்தது இதுதான். அந்த நாடு தன்னிடமிருந்த விஷக் குண்டுகளையெல்லாம் அழித்துவிட்டதாக அறிவித்தது. அழிக்கும்வரை அவை துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை என்றும் சொன்னது. உண்மைதான். அதைச் சரிபார்க்க ஆயுத ஒழிப்பு ஆணையத்தின் ஆட்கள் வந்தார்கள். குண்டுகள் இருந்த இடமென்றால் சுவரில் கறை ஊறியிருக்க வேண்டும். சுவரோ பளிச்சென்று இருந்தது. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டை இடித்தாவது புதிதாக்குகிற ஜனங்கள் அவர்கள். பழைய காரையைக் கொத்தி எடுத்து, புதுக் காரை பூசி, வெள்ளையடித்து, வாசலில் வாழைமரமும் கட்டியிருந்தார்கள்.

கறை இல்லையென்றால் குண்டுகள் வேறெங்கோ ஒளிந்திருக்கின்றன என்று ஆணையம் எழுதியது. ஏன் பூசினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிபரும் ஏன் பூசினோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்களைப் பொய்யர் என்பதா?" என்று நாட்டையே ஆணையத்திலிருந்து விலக்கினார். தடை விழுந்து கப்பல்கள் நின்றன. மருந்து நின்றது. பள்ளிக்கூடங்களில் சில இடங்கள் காலியாயின. நாட்டின் மானம் காப்பாற்றப்பட்டதாக வானொலி சொன்னது.

வருடங்கள் கழித்துப் புதிய அரசு வந்தது. ஆணையத்தில் மறுபடி சேர்ந்தது. ஆய்வாளர்கள் திரும்பி வர ஒப்புக்கொண்டார்கள். இன்சுலின் பெட்டிகளோடு ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது. ஆய்வாளர்கள் சரி என்றால்தான் உள்ளே வரும்.

கிடங்குக்கு அன்றும் இன்றும் அதிகாரி தேனப்பன். அவருடைய மகள் அல்லிக்குக் கள்ளத்தோணியில் வந்துகொண்டிருந்த இன்சுலினும் தீர்ந்துகொண்டிருந்தது.

ஆய்வாளர்கள் வருகிற நாள் காலையில் அவர் உமையாளின் மடத்துக்கு ஓடினார். உமையாள் அவருக்குக் குரு, வயதில் இளையவர். அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை அம்மா என்பார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நம்மளைப் பொய்யன்னு எழுதினவங்களை நாமளே திரும்பக் கூப்பிடுறோமே. இது அடுக்குமா?"

"அல்லி எப்படி இருக்கா?"

"நாளைக்கு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கணும்னிருக்காரு. ரெண்டு நாளா வெறும் கஞ்சிதான் குடுக்கறேன். சர்க்கரை அதிகமாக் காட்டினா கத்துவாரு."

"டாக்டர் பார்க்கப்போறது அல்லியையா, உங்க கஞ்சியையா?"

தேனப்பன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"சரி, கிடங்கு எப்படி இருக்கு?" என்றார் உமையாள்.

"அதுல ஒரு குறை சொல்ல முடியாதும்மா. அன்னைக்குக் கொத்திப் போட்ட பழைய காரை பின்பக்கம் குவிஞ்சு கெடந்துது. எருக்கஞ்செடி முளைச்சு, பார்க்கவே அசிங்கம். அவங்க வர்றதுக்குள்ள லாரில ஏத்திக் கடல்ல கொட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

உமையாள் எழுந்துவிட்டார். செருப்பைக்கூட மாட்டவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது லாரி நகர ஆரம்பித்திருந்தது. உமையாள் நேராகப் போய் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"யாருப்பா சாகப் போறா? சும்மா உக்காந்திருக்கேன்."

"சார், யாரு சார் இது?"

"என் குரு" என்றார் தேனப்பன், கொஞ்சம் மெதுவாக.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களைவிடச் சின்னவங்களா இருக்காங்களே?"

"அதனாலதான் ஓடியார முடிஞ்சுது" என்றார் உமையாள்.

தேனப்பன் குனிந்து கெஞ்சினார். "எந்திரிங்கம்மா. இந்தக் குப்பையைப் பார்த்தா அவங்க என்ன நெனைப்பாங்க? கப்பல் திரும்பிப் போயிட்டா அல்லிக்கு நான் எங்க போவேன்?"

"இந்தச் சுவர்ல என்னத்தைத் தேடினாங்க அண்ணே, அன்னைக்கு?"

"கறையை."

"கறை எங்க இருக்கு?"

தேனப்பன் நிமிர்ந்து லாரியைப் பார்த்தார். பிறகு அவரே போய் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அடப் போங்க சார்" என்றார் டிரைவர். "ஏத்துங்கிறீங்க, நிறுத்துங்கிறீங்க."

மதியம் ஆய்வாளர்கள் வந்தார்கள். தலைவி ஹெல்கா. மொழிபெயர்க்க உள்ளூர்ப் பையன் சேந்தன். தேனப்பன் அவர்களைக் கிடங்குக்குள் அழைத்துப் போகவில்லை. லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

"பழைய சுவர் இதுதான். ஒரே அழுக்கு. மன்னிச்சுக்கணும்."

ஹெல்கா ஏதோ கேட்டார். "மறைக்கிறதுக்காகவா கொத்தி எடுத்தீங்கன்னு கேக்குறாங்க சார்."

"மறைக்கவா!" தேனப்பனுக்குக் குரல் ஏறிவிட்டது. "வீட்டுக்கு வந்தவங்களை அந்தச் சுவத்துக்கு முன்னாடி எப்படிய்யா நிக்க வைக்கிறது? அவங்க வீட்டுல நிக்க வைப்பாங்களா? கேளு!"

சேந்தன் முதலில் சிரித்தான். அப்புறம்தான் மொழிபெயர்த்தான். ஹெல்கா சிரிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். காரைக் கட்டிகளைப் பொறுக்கித் தன் வேனுக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிரைவர் டீ வாங்கி வந்தார். தேனப்பன் கிளாசை வாங்கினார், குடிக்கவில்லை. அவர் கண் கடலில் நின்ற கப்பல் மேலேயே இருந்தது.

வேன் கதவு திறந்தது. ஹெல்கா சுருக்கமாகச் சொன்னார். சேந்தன் தேனப்பன் பக்கம் திரும்பினான்.

"ஊறியிருக்கு சார். உள்ளுக்குள்ள வரைக்கும் ஊறியிருக்கு. இங்கதான் இருந்திருக்கு, நீங்க சொன்னது நெசம்தாங்கிறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "அன்னைக்கே ஏன்னு கேட்டிருக்கணும்கிறாங்க."

தேனப்பன் லாரியின் படியில் உட்கார்ந்து அழுதார். "நாங்களும் சொல்லியிருக்கணும்னு சொல்லுப்பா." டிரைவர் அவர் கையிலிருந்த கிளாசை வாங்கி, ஆறிப்போன டீயைத் தானே குடித்தார்.

சாயங்காலம் கப்பல் உள்ளே வந்தது. துறைமுகத்தில் அப்பா அம்மாக்கள் வரிசையை உடைத்துக்கொண்டும், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும், காரணமில்லாமல் சிரித்துக்கொண்டும் நின்றார்கள். தேனப்பன் ஐஸ் வைத்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உமையாளிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. ஆனாலும் விடவில்லை.

"எல்லாம் சரிம்மா. அடுத்த மாசமும் வருவாங்களாம். அதுக்கடுத்த மாசமும் வருவாங்களாம். கண்ணால பார்த்தப்புறமும் நம்மளை நம்பலை பாருங்க. எனக்கு அதுதான் ஆறலை."

உமையாள் சொன்னார்:

"நம்பாம இருக்கணும்னா அவங்க ஊர்லயே இருந்திருக்கலாமே, அண்ணே. அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?"