சாத்தியே இருந்த கதவு

ஒரு கதவு ஏமாந்த கதை இது. கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு தெருவில் அகல்யாவின் வீட்டுக்கு ஒரு தேக்குக் கதவு இருந்தது. "என்னைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போகாது!" என்று அடிக்கடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லும்.

அதில் தெருக்காரர்கள் கூடிச் செய்த தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. கீச்சிடும், மழையில் இறுகும். ஒருநாள் பெரிய கம்பெனி ஒன்று வீடு வீடாக இலவசப் பூட்டு கொடுத்தது. பளபளப்பு! வெளியே ஒரு திருகாணிகூடத் தெரியாது. தாழ்ப்பாள் மூலைக்குப் போனது.

"அண்ணே, அவன் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு கேளு" என்றது தாழ்ப்பாள், கதவிடம்.

"உனக்குப் பொறாமைடா."

"என்னை யார் வேணாலும் பிரிச்சுப் பாக்கலாம். ஒளிச்சு வைக்க எனக்கு இடமே இல்ல. அவனைப் பிரிச்சுக் காட்டச் சொல்லு."

பூட்டு தேனாகக் குழைந்தது: "மன்னிக்கணும் ஐயா, அது கம்பெனி ரகசியம்."

"பாத்தியா? ரகசியம் காக்கத் தெரிஞ்சவன்!" என்றது கதவு.

(சிரிப்பு வரும், வரும்.)

ஒரு மாலை அகல்யா கதவைச் சாத்திவிட்டுக் கணவனிடம் மெல்லச் சொன்னாள்: "மூணு மாசம் முடியட்டும். அதுவரை எங்கம்மாகிட்டகூடச் சொல்லாதீங்க."

கதவு தன்னை இன்னும் இறுக்கிக்கொண்டது.

சில வாரங்களில் கரு கலைந்துபோனது. அதை வாய்விட்டுப் பேச இருவருக்கும் வார்த்தை வரவில்லை. அதனால் பூட்டுக்கு அது தெரியாது. அகல்யா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வாசலில் தொட்டில்காரன் வந்தான். "அகல்யாம்மா! பாப்பாவுக்குத் தொட்டில்!" பின்னாலேயே கிலுகிலுப்பைக்காரன் ஆட்டிக்கொண்டு வந்தான். உள்ளே அவள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

கதவு தன் இடுக்கெல்லாம் சோதித்துப் பார்த்தது. "யார் சொன்னது? நான் சாத்தியேதானே இருந்தேன்!"



"நீ சொன்ன வீடு இதுதானே?" என்று தொட்டில்காரன் பூட்டிடம் குனிந்து கேட்டான்.

பூட்டு அகல்யாவின் குரலிலேயே சொன்னது: "எங்கம்மாகிட்டகூடச் சொல்லாதீங்க."

"அட! கதவு சும்மாவா விட்டுது?"

பூட்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "என்னைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போகாது!"

தொட்டில்காரன் வயிறு வலிக்கச் சிரித்தான்.

அது யாருடைய குரல் என்று கதவுக்குத் தெரிந்துவிட்டது.