புது சீட்

"கார் சீட்டு இடுப்புல குத்துதுங்க்கா" என்றான் யுகேந்திரன்.

கோகிலவாணி கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இல்லீங்க, நடுவுல. சரியாச் சொல்லத் தெரியலை."

"போன ரவுண்டுல வலது பக்கம்னு சொன்னே."

அவன் கையை இடுப்பின் பின்னால் கொண்டுபோய் அழுத்திப் பார்த்தான்.

ஐரோப்பாவில் சின்னப் பையன்கள் ஓட்டுகிற ஒற்றை சீட் கார்ப் பந்தயங்கள் உண்டு. கோடைக்கு முன்னால் தொடங்கி, குளிர் வருவதற்குள் முடியும். நாடு நாடாகப் போய் ஓட்டுவார்கள். ஒவ்வொரு பந்தயத்தையும் ரவுண்டு என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கடைசியில் யாரிடம் அதிகப் புள்ளியோ அவனுக்குப் பட்டம். பட்டம் வாங்கியவன் மேலே போவான். வாங்காதவன் பெரும்பாலும் வீட்டுக்குப் போவான். நடுவில் உட்கார இடம் கிடையாது.

யுகேந்திரன் பீளமேட்டுப் பையன். கோகிலவாணி உடுமலைக்காரி, அவனைவிடச் சில வயதுதான் மூத்தவள். இத்தாலியில் ஒரு சின்ன அணி. இரண்டு கார்கள், இரண்டுக்கும் அவள் ஒருத்திதான் என்ஜினீயர். அவளை அவன் குரு என்று கூப்பிட்டதில்லை, அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போகிறவனுக்குக் காதில் கேட்பது ஒரே ஒரு குரல். "இப்ப" என்றால் இப்ப. "பொறு" என்றால் பொறுக்க வேண்டும். ஏன் என்று கேட்க நேரம் இருக்காது. அப்படிப்பட்டவளை வேறு என்ன சொல்வது?

இரண்டாவது காரை ஓட்டியவன் ராஸ்முஸ். எஸ்தோனியாக்காரன். இரண்டு பேரும் ஒரே வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். யுகேந்திரன் வைக்கிற ரசத்தை டம்ளரில் ஊற்றி, ஊதி ஊதிக் குடிப்பான். புள்ளியில் இருவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டே இருந்தார்கள். அதிலும் சண்டை வரவில்லை. காட்டுக்குள் நடந்த அந்தப் பந்தயம் வரை.

அன்று மழை விட்டிருந்தது. ரோடு காய்ந்துகொண்டு வந்தது. யுகேந்திரன் முதலில் போனான். ராஸ்முஸ் இரண்டு வளைவு பின்னால் வந்தான். மேட்டில் ஏறித் திரும்புகிற ஒரு வளைவில், மலைச் சரிவிலிருந்து தண்ணீர் உடைத்துக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே ஓடியது. முந்தைய சுற்றில் அது இல்லை. யுகேந்திரனின் கார் வழுக்கியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டிப் பிடித்து நிறுத்தினான்.

அந்த அணியில் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவன் ரோட்டில் எதைப் பார்த்தாலும் ரேடியோவில் சொல்ல வேண்டும். அவள் அதைப் பின்னால் வருகிறவனுக்குச் சொல்வாள்.

யுகேந்திரனின் கட்டைவிரல் ரேடியோ பொத்தான் மேல்தான் இருந்தது. அவன் அழுத்தவில்லை. அவனும் கொஞ்சம் வழுக்கட்டுமே, ஒரு நொடி போகட்டுமே என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். அதைவிடக் கெட்டதாக எதையும் நினைக்கவில்லை.

"முன்னாடி ரோடு எப்படி இருக்கு?" என்று ராஸ்முஸ் ரேடியோவில் கேட்டான்.

"யுகி ஒண்ணும் சொல்லலை. ரோடு சுத்தம்" என்றாள் கோகிலவாணி.

ராஸ்முஸ் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போனான். கார் சுவரில் மோதிய சத்தம் எதிர்மேட்டில் நின்ற கூட்டத்துக்குக் கூடக் கேட்டதாம். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. நடப்பான் என்றார்கள் டாக்டர்கள். எப்போது என்று சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. தண்ணீர் எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கார் ஓட்டியவனின் தவறு என்று எழுதி முடித்தார்கள். பேசாமல் இருந்ததற்கு எந்த விதிப்புத்தகத்திலும் தண்டனை கிடையாது. அப்படி ஒன்று நடந்ததே விசாரித்தவர்கள் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு யுகேந்திரன் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ரசம் வைக்கவில்லை. கார் ஓட்டினால் சீட் குத்துகிறது என்றான். ஒரு பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்தான். அடுத்ததில் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கினான். கையில் இருந்த புள்ளி முன்னிலை கரைந்தது. ஓர் இத்தாலியப் பையன் புள்ளியில் பின்னாலேயே வந்துவிட்டான். மிச்சம் இருந்தது கடைசி ரவுண்டு மட்டும்.

"புது சீட் ஊத்திக்கலாமுங்களா?" என்று யுகேந்திரன் கேட்டான்.

இந்தக் கார்களில் சீட்டைக் கடையில் வாங்குவதில்லை. ஓட்டுகிறவனையே காருக்குள் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையைச் சொருகி, இரண்டு திரவத்தைக் கலந்து அதற்குள் ஊற்றுவார்கள். நுரை பொங்கி வந்து உடம்பைச் சுற்றி நிரம்பி இறுகும். இறுகும்வரை ஆடக் கூடாது. கை ஸ்டியரிங்கில், கால் பெடலில், பந்தயத்தில் எப்படி இருப்பானோ அப்படியே இருக்க வேண்டும். ஆடினால் அந்த ஆட்டமும் சீட்டில் பதிந்துவிடும்.

கோகிலவாணி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஊத்தலாம்" என்றாள்.

மதியம் மெக்கானிக்குகள் சாப்பிடப் போனதும் பட்டறைக் கதவைச் சாத்தினாள். அவன் காருக்குள் இறங்கி உட்கார்ந்தான். பெல்ட்டை அவளே போட்டுவிட்டாள். திரவத்தைக் கலந்து ஊற்றினாள். பை மெல்ல உப்ப ஆரம்பித்தது.

"எப்படி இருக்குது?"

"சூடா இருக்குதுங்க்கா."

"அப்படித்தான் இருக்கும். அசையாத."

அவள் ஒரு டயர் மேல் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"ராஸ்முஸ் உன்கிட்டப் பேசோணும்னு சொல்லிட்டே இருக்கான். நீ எடுக்கறதே இல்லையாம். கூப்பிடறேன்."

"இப்பங்களா?"

"வேற எப்பக் கூப்பிடறது? நீதான் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறியே."

அவனால் எழுந்திருக்க முடியாது. பெல்ட் இருந்தது, நுரையும் இருந்தது. மணி அடித்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டுக் காரின் விளிம்பில் போனை வைத்தாள்.

"யுகி! சீட் ஊத்துறாங்களா? ஆடாதே, அப்புறம் கோகியைத் திட்டாதே."

"ம்."

"நேத்து எழுந்து நின்னேன். ஜன்னல் வரைக்கும் போனேன். நர்ஸ் கை தட்டினாங்க."

"நல்லது."

"நல்லதுதான். இங்கே வேற வேலை இல்லை. படுத்துக்கிட்டு அந்த வளைவையே ஓட்டிப் பார்க்கிறேன். எங்கே தப்பு பண்ணினேன்னு பிடிபடலை. நீ எனக்கு முன்னாடி அதே வேகத்துல போனே. உனக்கு ஒண்ணும் ஆகலை. அப்போ தண்ணி நான் மோதினதுக்கு அப்புறம்தான் வந்திருக்கணும், ரோடு சரியாத்தான் இருந்திருக்கு. கோளாறு என்கிட்டத்தான். அப்பாகிட்டச் சொல்லிட்டேன், உடம்பு சரியானாலும் இனிமே காரில் உட்கார மாட்டேன்னு. என் கையை என்னாலயே நம்ப முடியலை."

பை யுகேந்திரனின் விலா வரைக்கும் உப்பியிருந்தது.

"நான் சொல்றது சரிதானே, யுகி?"

தண்ணி இருந்துச்சு, நானும் வழுக்கினேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அது அவன் நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் ராஸ்முஸ் மறுபடியும் காரில் உட்காருவான். அதோடு, பட்டத்துக்காகக் கூட இருந்தவனைச் சுவரில் மோதவிட்டவன் இவன் என்று ஊர் பூராவும் தெரிந்துவிடும். அடுத்த வருஷம் எந்த அணியும் இவனைக் கூப்பிடாது. முதுகுக்குப் பின்னால் நுரை பொங்கி நெருக்கிக்கொண்டு வந்தது.

"ரெஸ்ட் எடு, ராஸ்முஸ்" என்றான். "அதையெல்லாம் இப்ப யோசிக்காதே."

"சரி. பட்டத்தோட வா. ரசமும் கொண்டு வா. இங்கே சாப்பாடு மகா மோசம்."

போன் அணைந்தது. யுகேந்திரனின் தோள் ஒரு தடவை குலுங்கியது. பிறகு அவனால் அதை நிறுத்த முடியவில்லை. சத்தம் வராமல்தான் அழுதான். ஆனால் இடுப்பும் முதுகும் ஆடின. கோகிலவாணி எழுந்து வரவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நுரை இறுகும்வரை டயர் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே எடுத்துப் பார்த்தபோது சீட் ஒரு பக்கம் புடைத்தும் ஒரு பக்கம் குழிந்தும் கிடந்தது.

"ஆடிட்டேங்க்கா."

"பார்த்தேன்."

அவள் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினாள். காரில் அவன் செய்வதெல்லாம் அதில் கோடாக விழும். ஸ்டியரிங் கோடு ஓர் இடத்தில் மட்டும் பல் மாதிரி மேலே குத்திக்கொண்டு நின்றது. அந்த வளைவு, அதே சுற்று.

அவன் முகம் வெளுத்தது.

"இதை எப்பப் பார்த்தீங்க?"

"அன்னிக்குச் சாயந்திரமே."

"ஏனுங்க்கா கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"அவனுக்குத் தெரியுமுங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணால பார்க்காம 'சுத்தம்'னு சொன்னது என் வாய்தான், என்னை மன்னிச்சிருன்னு சொன்னேன். இந்தக் கோட்டையும் காட்டினேன்."

"என்ன சொன்னான்?"

"நீ ஓரத்துல ஏதாவது கல்லுல ஏறியிருப்பே, அதுதான் இந்தக் கோடுங்கறான். தண்ணி இருந்திருந்தா யுகி சொல்லியிருப்பான்ங்கறான். அதுக்கு மேல நான் என்ன பேசறது?"

அவன் குனிந்து சீட்டின் புடைப்பைத் தடவிக்கொண்டே நின்றான்.

"இன்னொண்ணு ஊத்தலாமுங்களா?"

"ஊத்தலாம். திரவம் இருக்குது." அவள் போனை எடுத்து அவன் கைக்கு எட்டும்படி வைத்தாள். "இந்தத் தடவை நீ கூப்பிடு."

வெளியே மெக்கானிக்குகள் சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அவன் போனைப் பார்த்தான். கதவைப் பார்த்தான்.

"வேண்டாமுங்க்கா. இதையே போட்டுக்கறேன். டேப் சுத்தினா சமாளிச்சுக்கலாம்."

அவள் கத்தியை எடுத்து சீட்டின் ஓரங்களை வெட்டிச் சீராக்கினாள். சுற்றிலும் டேப் ஒட்டினாள். தன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கடைசி ரவுண்டு கடலோர ஊர் ஒன்றில் நடந்தது. வானம் மூடிக் கிடந்தாலும் மழை வரவில்லை. இத்தாலியப் பையன் இரண்டாவதாகப் போனான். அவனுக்கு ஓர் இடம் முன்னேறினால் பட்டம். யுகேந்திரன் நான்காவதாகப் போனான். அவனுக்கு ஓர் இடம் இறங்கினால் போச்சு. கோகிலவாணி எப்போதும் போலப் பேசினாள். எங்கே பொறுக்க வேண்டும், எங்கே விட வேண்டும், பின்னால் யார் வருகிறான், எல்லாம் சொன்னாள். ஒவ்வொரு வளைவிலும் சீட்டின் புடைப்பு அவன் இடுப்பை நெம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நான்காவது இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பட்டம் அவனுக்குத்தான்.

காரிலிருந்து அவனை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். களைப்பு என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். கோப்பையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள், அவனால் தோள் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. பத்திரிகைப் படங்களில் அவன் சிரிப்பது மாதிரித்தான் இருக்கிறது. வாழ்த்துச் செய்திகளில் முதலில் வந்தது ராஸ்முஸுடையது.

அன்றே மெக்கானிக்குகள் காரைப் பிரித்துப்போட்டார்கள். கோணல் சீட்டைக் கழற்றிக் குப்பையில் எறிந்தார்கள்.

கொஞ்ச நாளில் அவனுக்கு மேல் வகுப்புப் பந்தயத்திலிருந்து அழைப்பு வந்தது. ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்று பெட்டி கட்டினான். ராஸ்முஸ் பொருள்களை அவன் அப்பா வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார். பாதி மாடி காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சீக்கிரமே இறங்கிப் பட்டறைக்கு வந்தான்.

கோகிலவாணி ஒயர்களைச் சுருட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பறேங்க்கா."

"நல்லபடியாப் போயிட்டு வா."

அவன் போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் குத்துதுங்க்கா. உக்காந்தாக் குத்துது, படுத்தாலும் குத்துது. டாக்டர்கிட்டக் காட்டினேன். படம் எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணுமே இல்லைங்கறார். இந்த வலி எப்பத்தானுங்க விடும்?"

அவள் கையிலிருந்த ஒயரைச் சுருட்டி முடித்தாள்.

"சீட்டை அன்னிக்கே கழட்டியாச்சே, யுகி" என்றாள்.