சப்போட்டாவிடம் சொல்லிவிட்டு

"எங்க வீட்டுல என்கிட்ட பேச மாட்டேங்காம்மா" என்றார் நல்லசிவம்.

குழலம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருடைய மடம் என்று பேர்தானே ஒழிய, தென்காசிக்கு வெளியே ஒரு ஓட்டு வீடு, அதைச் சுற்றி ஒரு தோப்பு, அவ்வளவுதான். அம்மாவுக்கு நல்லசிவத்தைவிட வயது குறைவு. இருந்தாலும், மின்வாரியத்தில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கி ஓய்வுபெற்ற அந்த மனுஷன் ஞாயிறு தவறாமல் வந்து அம்மா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்.

"சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே. சோறு போடுதா, காப்பி தாரா. ஒரு பேச்சு கிடையாது."

"எப்பலேர்ந்து?"

"வீட்டுக்குப் பின்னால நின்ன சப்போட்டாவ வெட்டுனதுலேர்ந்து."

அம்மாவின் கை நின்றது.

"ஏன் வெட்டுனீங்க?"

"பூச்சி அரிச்சிட்டும்மா. அடிமரம் உள்ள பொந்தாயிட்டு. ஒரு காத்தடிச்சா அடுக்களை மேல சாஞ்சிரும்."

அது உண்மைதான். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். ஆனால் பூச்சி அரிக்க ஆரம்பித்து எத்தனையோ மழை பெய்து ஓய்ந்துவிட்டது. அப்போதெல்லாம் வராத அவசரம், பேட்டரி ரம்பம் வாங்கினதும் வந்துவிட்டது. வயர் இல்லை, பெட்ரோல் இல்லை, கயிற்றைப் பிடித்து இழுத்து மல்லுக்கட்டுகிற பாடு இல்லை. பொத்தானை அமுக்கினால் சங்கிலி சுற்றும், மரம் இரண்டாகும்.

மிஷின் கைக்கு வந்த பிறகு அவர் கண்ணுக்கு எல்லா மரமும் அதிகப்படியாக வளர்ந்து நிற்பதாகவே தெரிந்தது. வேலியோரப் புதர் போச்சு. முருங்கைக் கொப்பு போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே அவருடைய வேம்பையும் கழித்துக் கொடுத்தார். சும்மா இருக்கிற மனுஷன் கையில் அதைக் கொடுத்தது யார் என்று தெருவே பேசியது.

"ஆனா நம்ம முறைப்படிதாம்மா வெட்டுனேன்."

அந்தத் தோப்பில் ஒரு முறை உண்டு. எந்த மரத்தை வெட்டுவதானாலும் முந்தின நாள் சாயங்காலமே அதனிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். ஆயுதத்தை மரத்தடியில் சாத்திவைத்துவிட்டு வர வேண்டும். அதில் குடியிருக்கிற உயிரெல்லாம் வேறு இடம் பார்த்துக்கொள்ள ஒரு பொழுதாவது விட வேண்டும். குழலம்மா சொல்லிக்கொடுத்தது.

"மரத்துகிட்ட என்ன சொன்னீங்க?"

நல்லசிவத்துக்குக் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ எங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்க. உன்னைக் கேக்காம ஒண்ணும் செய்யக் கூடாதுன்னுதான் வந்து நிக்கேன். மனசு நோகாத, பொறுத்துக்கோ. அப்படின்னு சொன்னேன். தொட்டுக் கும்பிட்டேன்."

"அணிலுக்கு?"

"சொன்னேன்."

"எறும்புக்கு?"

"வேரடியில குனிஞ்சு சொன்னேம்மா."

"அவங்களுக்கு?"

"யாருக்கு?"

அம்மா அவரையே பார்த்தார்.

"அவ ஊர்ல இல்ல. தங்கச்சி மக சடங்குக்குச் சங்கரன்கோவில் போயிருந்தா."

"போன் இருக்குல்லா?"

நல்லசிவம் உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டார். பிறகு தானாகவே சொன்னார்.

"பாதி அறுத்துக்கிட்டு இருக்கையில சார்ஜ் தீந்துட்டு. பேட்டரியச் சார்ஜ்ல போட்டுட்டு மரத்தடியிலயே உக்காந்திருந்தேன். அப்ப போன் வந்துச்சு. அவதான்."

"என்ன சொன்னாங்க?"

"கையெல்லாம் சங்கிலிக்கு ஊத்துற எண்ணெய். எடுக்கல."

மனைவி உலகம்மாள் ஊரிலிருந்து பையோடு திரும்பி வந்து பின்வாசலில் நின்றது அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. தரையெல்லாம் மரத்தூள். அந்த நிழலில்தான் மத்தியானம் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். காய் நறுக்குவாள், தங்கச்சியோடு போனில் பேசுவாள், சும்மாவும் இருப்பாள். முன்னறை அவருக்கு, மாடி மகனுக்கு. அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்த நிழல் ஒன்றுதான். அது அவருக்கு இப்போதுதான் உறைக்கிறது. மரத்தூளைக் கூட்டி அள்ளிவிட்டு அவள் உள்ளே போனாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவளுக்கும் சொல்லணும்னு நீங்க சொல்லலையேம்மா" என்றார் நல்லசிவம். குறை சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே நினைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், பாவம்.

"ஆமா, சொல்லல" என்றார் குழலம்மா. "சொல்லணும்னு எனக்குத் தோணல."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

நல்லசிவம் பைக்குள் கையை விட்டு ஒரு கன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"சப்போட்டாதாம்மா. ஒட்டுக் கன்னு, சீக்கிரம் காச்சிருமாம். அதே இடத்துல குழி தோண்டி உரம்கூடப் போட்டுட்டேன். நீங்க தொட்டுக் குடுத்தா போய் வச்சிருவேன்."

அம்மா தொடவில்லை.

"சப்போட்டாதான் வேணும்னு சொன்னாங்களா?"

நல்லசிவம் கன்றை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

வீட்டுப் பின்வாசலில் உலகம்மாள் வெயிலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்றார். மரத்திடம் அவ்வளவு எளிதாக வந்த பேச்சு இங்கே சட்டென்று வரவில்லை.

"உலகு, உன்கிட்ட சொல்லிட்டுல்லா வெட்டியிருக்கணும்."

அவள் நிமிரவில்லை. தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "ரொம்பப் பெரிய தப்பு."

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"பூச்சி அரிச்சது எனக்குத் தெரியாதாக்கும். தெனமும் அதுக்கடியிலதான இருந்தேன். வெட்டணும்னு நானே சொல்லலாம்னு இருந்தேன்."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"மேல் கொப்ப அறுக்கையில ஏணிய யாரு புடிச்சா?"

"யாரும் இல்ல. மரத்துல சாத்தி வச்சு ஏறுனேன்."

உலகம்மாள் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் புடிச்சிருப்பேன்லா" என்றாள்.