கம்பி வழுக்கும் இடம்

முதலில் வெடிச்சத்தம்தான் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம்தான் கதவு திறந்தது. தோளுக்கொரு ரைஃபிளோடு ரெஜினா மேடம் உள்ளே வந்தார்.

அந்தச் சுடுதளத்தில் பயிற்சி கொடுப்பவர் அவர். உள்ளே மேசையருகே காத்துக்கொண்டிருந்த தங்கமாரி, அவரிடம் கற்றுக்கொள்பவன்.

"ஒரே பெட்டித் தோட்டாவை ரெண்டுலயும் போட்டு நானே சுட்டேன்," என்றார் மேடம். "வேகம் காட்டுற மெஷின்ல அன்புதாஸ் ரைஃபிள் முந்துது. உன்னோடது இப்பவும் மெதுவாத்தான் காட்டுது."

போன வாரம் சுடுதளக் கமிட்டி முன்னால் தங்கமாரிதான் எழுந்து நின்று சொன்னான்: கூடக் கற்றுக்கொள்ளும் அன்புதாஸ், தோட்டா பிரித்துக் கொடுக்கும்போது நல்ல பெட்டியைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு, நமத்துப்போனதை எனக்குத் தள்ளுகிறான் என்று. கமிட்டி நம்பியது. அன்புதாஸை மாவட்ட அணியிலிருந்து எடுத்துவிட்டது.

"ரெண்டும் ஒரே கேலிபர், ஒரே குழல் அளவு, மேடம். ஒரே கம்பெனி. சேர்ந்தே வாங்கினது. எப்படி வேகம் மாறும்?"

மேடம் குழலுக்குள் இறுக்கமாகப் போகிற மாதிரி இரண்டு ஈயக் குண்டுகளை எடுத்து வைத்தார். கூடவே குழல் துடைக்கும் கம்பி ஒன்று.

"தள்ளிப் பாரு."

அன்புதாஸின் குழலில் குண்டு ஒரே சீராகப் போய் வெளியே விழுந்தது. தங்கமாரியின் குழலில் இறுக்கமாகக் கிளம்பி, பாதியில் சட்டென்று வழுக்கியது. பிறகு மறுபடி இறுகியது.

"நடுவுல லூசா இருக்கு, மேடம்."

"அந்த இடத்துல வெடிமருந்துப் புகை தோட்டாவை முந்திக்கிட்டு ஓடிரும். தள்ள ஆள் குறையும்."

"மேல ஒரே அளவு நம்பர்தானே அடிச்சிருக்கான்?"

"குழலைக் குடையிற கத்தி தேயும். நம்பர் அடிக்கிற அச்சுக்கு அது தெரியுமா?"

தங்கமாரி கம்பியை மறுபடி தன் குழலுக்குள் விட்டுப் பார்த்தான்.

"இதை இதுவரைக்கும் யார் துடைச்சது?" என்றார் மேடம்.

சுட்டு முடித்தால் ஒருவர் துப்பாக்கியை மற்றவர் துடைப்பது அங்கே வழக்கம்.

"அன்புதாஸ்."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

தங்கமாரி நகத்தால் மேசையைச் சுரண்டினான்.

"சொன்னான். 'அண்ணே, உங்க குழல்ல நடுவுல கம்பி வழுக்குது'ன்னான்."

"நீ?"

"முதல்ல ஒழுங்கா துடைக்கக் கத்துக்கோடான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

மேடம் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"இன்னைக்கே கமிட்டில போய் நான் சொன்னது பொய்னு சொல்லிடறேன், மேடம்."

"அது சொல்லித்தான் ஆகணும்."

"அன்புதாஸ்கிட்ட? அவன்கிட்ட என்ன சொல்றது?"

"அவன் ரைஃபிள் சுட்டபடியே துடைக்காம கிடக்கு," என்றார் மேடம்.

தங்கமாரி துணியைக் கிழித்து, எண்ணெயில் நனைத்து, கம்பியில் சுற்றினான். அன்புதாஸின் குழலைத் துடைக்க ஆரம்பித்தான்.