புகார் இல்லாத தெரு

கலெக்டர் வண்டி ஆற்றுப்பாலத்தைத் தாண்டிவிட்டது என்று போன் வந்ததிலிருந்து பேரூராட்சித் தலைவர் வைரவநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். நடந்தபடியே கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இசக்கியம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

“ஏ பிள்ள, தண்ணி வரலன்னு வந்த புகார் ஒண்ணுகூட கலெக்டரம்மா கண்ணுல படக்கூடாது. அழிச்சா மாட்டிக்குவோம், அழிக்காத. புகாரே இல்லாத தெருவ மட்டும் காட்டு. முடியாட்டா நாளைலருந்து வேலைக்கு வராத.”

“சரிங்கய்யா.”

தெருப் பட்டியலையும் புகார்களையும் ஏற்றிவிட்டால் போதும், அலுவலகத்துப் புகார் மென்பொருள் தானாகவே ஓர் இணைய முகவரியை உருவாக்கிக் கொடுத்துவிடும். முகவரியின் கடைசியில் என்ன நிபந்தனை சேர்க்கிறோமோ, அதற்குப் பொருந்துவது மட்டும்தான் திரைக்கு வரும். தலைவர் சொன்னதை அப்படியே நிபந்தனையாக அடித்தாள் இசக்கியம்மாள். வந்ததைப் பார்த்தாள். அதை அப்படியே திரையில் விட்டுவைத்தாள்.

வாசலில் வண்டி நின்றது. சால்வையோடு ஓடிய தலைவருக்குத் திரையைப் பார்க்க ஏது நேரம்? “வாங்கம்மா, நம்ம ஊர்ல புகாரே இல்லாத தெருவெல்லாம் பாருங்க!” என்று கலெக்டரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“என்ன இது, மேட்டுத் தெரு மட்டும்தான் வருது?”

“புகார் இல்லாத தெரு மட்டும் போதும்னு ஐயா சொன்னாங்கம்மா. ஊருக்கே அது ஒண்ணுதான் இருக்கு.”

“அப்படி யாரு குடியிருக்காங்க அங்க?”

இசக்கியம்மாளின் விரல் கீபோர்டு பக்கமே போகவில்லை.

“அதுக்குத் தேடவே வேண்டாம்மா. உங்க பக்கத்துலதான் நிக்காங்க.”